கணினியில் ஓர் அருவத் தொழிற்சாலை

சங்கரன்கோவில் என்றவுடன் வெளியூரார்க்கு ஆடித்தபசு நினைவுக்கு வரும். உள்ளூரில் வளர்ந்த நமக்கோ விசைத்தறியின் ஓசைதான் முதலில் காதில் விழும். தோழியரில் பலர் தறி வீட்டுப் பிள்ளைகள். ஆகவே கணினிப் பாடம் ஒன்றைச் சொல்ல வந்த இக்கட்டுரையைத் தறியிலிருந்தே தொடங்குகிறோம்.

ஒரு சேலைக்குப் பாவு வேண்டும், ஊடை வேண்டும், கரைக்கும் முந்திக்கும் சாய நூல் வேண்டும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல சரக்காகவே தோன்றும். ஆனால் உடலுக்கு வெள்ளை நூலும், கரைக்குச் சாயம் நிற்காத சிவப்பு நூலும் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? தறி நிற்காது. நூல் அறாது. சேலை அழகாகவே இறங்கும், மடித்துக் கட்டிக் கடைக்குப் போகும், விலையும் ஆகிவிடும். வாங்கிய அம்மாள் முதல் தடவை நனைத்துப் பிழியும்போதுதான் கரையின் சிவப்பு உடலெல்லாம் பரவும். அப்போது குற்றம் யாருடையது? தறியினுடையதா, நெய்தவருடையதா? இரண்டு நூல்களையும் ஒரே சேலைக்கு எடுத்துக் கொடுத்த கையினுடையது அல்லவா?

இத்தகைய தவறு கணினி நிரல்களிலும் நேர்கிறது. கணினி பிழை என்று கூவினால் உடனே திருத்திவிடலாம். அது வாய்மூடி வேலையை முடித்துவிட்டு, பலனை மட்டும் கோணலாகத் தந்தால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. உறுப்புகள் யாவும் நல்லவையாய் இருந்தும் சேர்க்கை கெட்டுப்போவதைத் தடுப்பதற்கென்றே நிரலாளர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதனை 'அப்ஸ்ட்ராக்ட் பேக்டரி' என்பர். தமிழில் 'அருவத் தொழிற்சாலை' எனலாம். அதைத்தான் இங்கே காணப் போகிறோம்.

மேல்நிலை முதலாம் ஆண்டில் கணினி அறிவியல் எடுத்த தோழியர் சி++ மொழியில் பொருள்நோக்கு நிரலாக்கம் படிக்கிறார்கள். பெற்றோரும் இம்மலரைப் படிப்பார்கள் என்பதால் அதைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். நிரல் என்பது கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுதி. விவரத்தையும், அந்த விவரத்தைக்கொண்டு செய்யத்தக்க வேலையையும் ஒன்றாகக் கட்டி வைத்தால் அது ஒரு 'பொருள்'. ஒரே வகையான பொருள்களை வார்க்கும் அச்சு 'இனக்குழு'. கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு சுடுகிறோமே, அந்த இரும்பு அச்சு இனக்குழு என்றால், எண்ணெயிலிருந்து எடுக்கும் முறுக்கு ஒவ்வொன்றும் ஒரு பொருள். இவ்வளவு தெரிந்தால் மேலே செல்லலாம்.

இனி, ஆலயத்துக்குள் போவோம். பூசை உடைகள் வைத்திருக்கும் அறையைத் துப்புரவு செய்யச் சென்ற தோழியர் அங்கே இழுப்பறைகளைக் கண்டிருப்பார்கள். குருவானவர் திருப்பலிக்கு அணியும் மேலாடை, தோள்துகில், இரசப் பாத்திரத்தை மூடும் துணி ஆகியவை ஒரே நிறத்தில் அமைவது வழக்கம். திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா. கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்கா காலத்துக்கும் வெள்ளை. தூய ஆவியின் திருநாளுக்கும், புனித தேவசகாயம் போன்ற மறைசாட்சியரின் திருநாள்களுக்கும் சிவப்பு. பொதுக்காலத்துக்குப் பச்சை.

ஆயத்தம் செய்யும் கோயில்பிள்ளை ஒவ்வொரு துணியையும் எடுக்கும்போது, "இன்றைக்கு என்ன நிறம்?" என்று தனித்தனியே யோசிப்பதாக வைத்துக்கொள்வோம். மேலாடை எடுக்கையில் ஒரு யோசனை, துகில் எடுக்கையில் ஒரு யோசனை, பாத்திரத் துணிக்கு இன்னொரு யோசனை. மூன்று இடத்தில் யோசித்தால் மூன்று இடத்தில் தவறலாம். குருத்து ஞாயிறு தவக்காலத்தில் வந்தாலும் அன்றைய நிறம் சிவப்பு. சனிக்கிழமை வரை ஊதாவையே எடுத்துப் பழகிய கை, அன்று சிவப்பு மேலாடையோடு ஊதாத் துகிலை எடுத்து வைத்துவிடலாம்.

நடைமுறையில் அப்படி யாரும் செய்வதில்லை. காலையில் நாட்காட்டியைப் பார்த்து, "இன்று சிவப்பு" என்று ஒரே ஒரு தடவை முடிவு செய்கிறார்கள். சிவப்பு இழுப்பறையைத் திறக்கிறார்கள். பிறகு நிறத்தைப் பற்றிய பேச்சே இல்லை. "மேலாடை எடு, துகில் எடு, துணி எடு" என்பதுதான் பேச்சு. அந்த இழுப்பறையிலிருந்து எது வந்தாலும் சிவப்பாகத்தான் வரும். கலப்பதற்கு வழியே இல்லை.

அருவத் தொழிற்சாலையின் முழுக் கருத்தும் இந்த இழுப்பறைக்குள் அடங்கிவிட்டது. 'தோள்துகில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நிறமில்லாத துகிலை யாராவது பார்த்ததுண்டா? இல்லை. ஆயினும், "துகில் எடு" என்று நிறம் சொல்லாமல் பேச முடிகிறது. இப்படிப் பெயரளவில் மட்டும் உள்ளதை அருவம் என்கிறோம். அவ்வாறே, 'இழுப்பறை' என்று பொதுவாகச் சொல்வது அருவத் தொழிற்சாலை. சிவப்பு இழுப்பறை, பச்சை இழுப்பறை ஆகியன உருவத் தொழிற்சாலைகள். வேலை செய்பவர் அருவத்தின் பெயரால் கேட்கிறார். உருவம் தானே வந்து சேர்கிறது.

இரண்டு குடும்பங்கள் சேரவே கூடாதா என்று சிலர் வினவக்கூடும். நம்மூர்க் கோயிலின் சங்கரநாராயணர் திருவுருவத்தைக் கேள்விப்படாதவர் இல்லை. வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். சேர்ந்தும், நடுவே ஒரு கோடு நிற்கிறது. அந்தந்தப் பக்கத்துக்கு உரிய அணிகள் அந்தந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன, மாறி விழவில்லை. சிற்பிக்குத் தெரிந்த ஒழுங்கு நிரலாளருக்கும் வேண்டும்.

இம்முறைக்குப் பெயர் சூட்டியவர்கள் யார்? 1994இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் என்னும் நால்வர் சேர்ந்து 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்றொரு நூலை வெளியிட்டனர். நிரலாளர்கள் மீண்டும் மீண்டும் கையாண்டு தேறிய 23 தோரணிகளை அதில் தொகுத்துள்ளனர். அவற்றுள் முதலாவதாக விளக்கப்படுவது நம் அருவத் தொழிற்சாலையே. அதற்கு 'கிட்' என்று ஒரு மறுபெயரும் தந்திருக்கிறார்கள். தையல் பெட்டி என்பதுபோல. அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு கணினித் திரையின் சன்னல்களும் பொத்தான்களும். நிரலாளர் உலகில் இந்த நால்வர்க்கு 'நால்வர் கும்பல்' என்று வேடிக்கையாகப் பெயர்!

தோரணி என்னும் எண்ணமே கட்டடக் கலையிலிருந்து வந்தது என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞர் 1977இல் வெளியிட்ட நூலில், வீட்டுக்கும் தெருவுக்கும் ஊருக்குமாக 253 தோரணிகளை விளக்கினார். அதற்கு முன்பே, 1964இல் வந்த அவருடைய நூலொன்றில், ஓர் இந்தியக் கிராமத்தை எடுத்துக்கொண்டு அதன் தேவைகள் 141 என்று பட்டியலிட்டு, எவை எவை ஒன்றோடொன்று பிணைந்தவை என ஆராய்ந்திருந்தார். எந்தத் தேவைகள் சேர்ந்தே தீர வேண்டியவை என்ற அந்தக் கேள்வி, நாம் மேலே கண்ட துகிலுக்கும் மேலாடைக்கும் உரிய கேள்வியேதான்.

இழுப்பறை ஓர் உவமைதான். உண்மையிலேயே நம்மைத் தொடும் ஒரு காரியம் உண்டு. அது நம் தமிழ் எழுத்து.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தாக வேண்டும். முன்னாளில் ஓர் எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. அவற்றில் முதல் 128 ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் போய்விடும். மிச்சமுள்ள 128 இடங்களில் நம்முடைய 247 எழுத்துகளை எப்படி அடைப்பது? ஆகவே எழுத்துகளைத் துண்டு துண்டாக வெட்டி அடைத்தார்கள். கொம்பு ஒரு துண்டு, கால் ஒரு துண்டு, 'க' ஒரு துண்டு. யார் எந்தத் துண்டை எந்த எண்ணில் வைப்பது என்பதில் ஒருமைப்பாடு இல்லை. எழுத்துரு செய்த ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல வைத்தது.

இதைச் சீராக்கப் பலர் முயன்றனர். உலகெங்கும் உள்ள தமிழர் மின்னஞ்சல் வழியே கலந்து பேசி 'திஸ்கி' என்ற முறையை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய 'தமிழ்நெட் 99' மாநாட்டை அடுத்து, தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் முறைகளை ஏற்றது. தமிழ்99 விசைப்பலகையும் அப்போது வந்ததே. 1991இலேயே உலக மொழிகள் அனைத்துக்குமாக யூனிகோடு வந்து, அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் தரப்பட்டிருந்தன. ஆயினும் அது நம் மேசைக் கணினிகளுக்கு வந்து சேர ஆண்டுகள் ஆயின. 2010இல் தமிழக அரசு யூனிகோட்டை ஏற்று ஆணையிட்டது. இன்று கைப்பேசியில் நாம் தட்டும் 'க' யாவும் யூனிகோட்டின் 2965ஆம் எண்தான்.

ஆக, ஒரே தமிழுக்குப் பல குடும்பங்கள். வேற்றுமை எண்ணில் மட்டும் இல்லை, நடத்தையிலும் உண்டு. 'கோமதி' என்று எழுதுவோம். நம் கணக்கில் எழுத்து மூன்று. திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படியே சேமிப்பார்கள்: முதலில் இரட்டைக் கொம்பு, அடுத்து க, பிறகு கால், பிறகு ம, த, இகர விசிறி. மொத்தம் ஆறு எண்கள். யூனிகோட்டில் ஒலிக்கும் வரிசை: க, அதன்பின் ஓகாரக் குறி ஒன்றாக, பிறகு ம, த, இகரக் குறி. மொத்தம் ஐந்து. இரண்டிலும் 'கோ' வரை தட்டி நிறுத்திக் கடைசி எண்ணை அழித்துப் பாருங்கள். யூனிகோட்டில் 'க' மிஞ்சும். திஸ்கியில் கால் மட்டும் போய் 'கே' நிற்கும்! கோமதி ஒரு நொடியில் 'கே' என்று தொடங்கும் வேறு யாரோ ஆகிவிடுகிறாள்.

அகரவரிசைக்கு வந்தால் சிக்கல் இன்னும் பெரிது. வகுப்பில் எலிசபெத், எவாஞ்சலின், எழிலரசி என்று மூவர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். தமிழ் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள என்று வருவதால் நாம் மேலே எழுதிய வரிசையே சரி. யூனிகோட்டின் எண் வரிசையோ ல, ள, ழ, வ என்று போகிறது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் கணினி, எழிலரசியை எவாஞ்சலினுக்கு முன்னே தள்ளிவிடும். பரிசளிப்பு விழாவில் பெயர் கூப்பிடும் வரிசை பிசகினால் யாருக்கு வருத்தம் என்று சொல்லத் தேவையில்லை. ஆதலால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி அகரவரிசையாளர் எழுதியாக வேண்டும்.

ஆகவே, ஒரு பெயர்ப்பட்டியல் நிரலுக்குக் குறைந்தது மூன்று உறுப்புகள் வேண்டும்: காட்டுவதற்கு எழுத்துரு, எண்ணுவதற்கு எழுத்தெண்ணி, அடுக்குவதற்கு அகரவரிசையாளர். மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்திருக்க வேண்டும். திஸ்கிக் கோப்பை டாப் எழுத்துருவால் காட்டினால் என்ன நேரும்? கணினி முணுமுணுக்காது. தேதிகளும் ஆங்கிலச் சொற்களும் சரியாகவே வரும். அவை முதல் 128 இடங்களில் பொதுவாக உள்ளவை. தமிழ் மட்டும் புரியாத கிறுக்கலாய் வரும். 1990களில் எத்தனையோ அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் தட்டச்சு செய்த மலர்களும், பாட்டுப் புத்தகங்களும், பங்குப் பதிவேடுகளும் இன்று இப்படித்தான் கிறுக்கலாய்த் திறக்கின்றன. அவை அழிந்துபோகவில்லை. எழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன. எந்தக் குடும்பம் என்பதை மறந்துவிட்டோம், அவ்வளவே.

இனி, நிரலைப் பார்ப்போம். பயிற்சியில்லாத கை இப்படி எழுதும்: காட்டும் இடத்தில் "திஸ்கி எனில் இது, டாப் எனில் அது, யூனிகோடு எனில் மற்றது." எண்ணும் இடத்தில் மறுபடியும் அதே மூன்று கேள்வி. அடுக்கும் இடத்தில் மறுபடியும். சிறு நிரலில் இது ஓடும். நாற்பது இடத்தில் இந்தக் கேள்வி வந்து, முப்பத்தொன்பதில் சரியாகவும் ஒன்றில் தவறாகவும் எழுதினால், அந்த ஒன்றைத் தேடுவது வைக்கோற்போரில் மூக்குத்தித் திருகைத் தேடுவதுதான்.

அருவத் தொழிற்சாலை முறையில் எழுதினால் பின்வருமாறு அமையும். மொழி இலக்கணத்தை ஒதுக்கிவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் தருகிறோம்.

அருவ இனக்குழு தமிழ்த்தொழிற்சாலை
    எழுத்துரு தருக ( )
    எழுத்தெண்ணி தருக ( )
    அகரவரிசையாளர் தருக ( )

இனக்குழு திஸ்கித்தொழிற்சாலை : தமிழ்த்தொழிற்சாலையின் வழி
    எழுத்துரு தருக ( )  =  புதிய திஸ்கி எழுத்துரு
    எழுத்தெண்ணி தருக ( )  =  புதிய திஸ்கி எழுத்தெண்ணி
    அகரவரிசையாளர் தருக ( )  =  புதிய திஸ்கி அகரவரிசையாளர்

இனக்குழு யூனிகோடுத்தொழிற்சாலை : தமிழ்த்தொழிற்சாலையின் வழி
    எழுத்துரு தருக ( )  =  புதிய யூனிகோடு எழுத்துரு
    எழுத்தெண்ணி தருக ( )  =  புதிய யூனிகோடு எழுத்தெண்ணி
    அகரவரிசையாளர் தருக ( )  =  புதிய யூனிகோடு அகரவரிசையாளர்

பட்டியல் அச்சிடு (தமிழ்த்தொழிற்சாலை ஆலை)
    வரிசை  =  ஆலையே, அகரவரிசையாளர் தருக
    எண்ணி  =  ஆலையே, எழுத்தெண்ணி தருக
    உரு  =  ஆலையே, எழுத்துரு தருக
    வரிசையைக் கொண்டு பெயர்களை அடுக்கு
    எண்ணியைக் கொண்டு கட்டத்தின் அகலம் அறி
    உருவைக் கொண்டு அச்சிடு

முதன்மைச் செயற்கூறு
    கோப்பு திஸ்கி எனில் ஆலை  =  திஸ்கித்தொழிற்சாலை
    கோப்பு யூனிகோடு எனில் ஆலை  =  யூனிகோடுத்தொழிற்சாலை
    பட்டியல் அச்சிடு (ஆலை)

முதலில் உள்ள அருவ இனக்குழுவுக்குள் வேலை ஒன்றும் இல்லை; வாக்குறுதி மட்டுமே உண்டு. சி++ மொழியில் இத்தகைய செயற்கூறின் முடிவில் சமக்குறியும் பூஜ்யமும் இட்டு, "இதனை என் வழிவந்தோர் நிறைவேற்றுவர்" என்று காட்டுவோம். 'பட்டியல் அச்சிடு' என்னும் பகுதியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதில் திஸ்கி என்ற சொல்லும் இல்லை, யூனிகோடு என்ற சொல்லும் இல்லை. "எந்தக் குடும்பம்?" என்ற கேள்வி முதன்மைச் செயற்கூறில் ஒரே இடத்தில் கேட்கப்பட்டு முடிந்துவிட்டது. காலையில் ஒரு தடவை நாட்காட்டியைப் பார்த்த கோயில்பிள்ளையைப்போல! நாளை டாப் கோப்பு ஒன்று கைக்கு வந்தால், டாப் தொழிற்சாலை ஒன்றையும் அதன் உறுப்புகளையும் புதிதாய் எழுதி, முதன்மையில் ஒரு வரி கூட்டினால் போதும். அச்சிடும் பகுதியில் கைவைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே சரியாய் ஓடுவதைத் தொடாமல் புதியதைச் சேர்க்க முடிவது எவ்வளவு நிம்மதி என்பதை, ஒரு நிரலைத் திருத்தப்போய் வேறொன்றைக் கெடுத்துக்கொண்ட எவரும் அறிவர்.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. வாக்குறுதி கொடுத்தபடி நடக்க வேண்டும். எழுத்தெண்ணி என்றால் எழுத்தை எண்ண வேண்டும். 'கோமதி'க்கு திஸ்கி எண்ணி ஆறு என்றும் யூனிகோடு எண்ணி ஐந்து என்றும் சொன்னால், இரண்டும் எழுத்தை விட்டு எண்களை எண்ணுகின்றன என்று பொருள். இரண்டும் மூன்று என்றே சொல்ல வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தாலும் கேட்டவருக்கு வேற்றுமை தெரியக்கூடாது. இந்த விதியைத் தெளிவாக எடுத்துரைத்தவர் ஒரு பெண்மணி: அமெரிக்காவின் பார்பரா லிஸ்கோவ். 1987இல் அவர் ஆற்றிய உரையிலிருந்து பிறந்த இவ்விதி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கணினி உலகின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது 2008ஆம் ஆண்டுக்கு அவருக்கு அளிக்கப்பட்டது.

பெண்களுக்கும், அதிலும் கன்னியர் மடத்துக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறோம். அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ஓர் அருட்சகோதரி. மேரி கென்னத் கெல்லர் என்பது அவர் பெயர். 1965இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தினார். இன்று நம் தென்காசி மாவட்டத்திலேயே, மத்தளம்பாறையில், நிரல் எழுதும் நிறுவனம் நடக்கிறது. மகளை வெகுதூரம் அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதையும் கணக்கில் கொள்ளலாம்.

அருவத் தொழிற்சாலையின் பெருமையை மட்டும் பேசிவிட்டு நிறுத்துவது நியாயமாகாது. அதற்கு விலையும் உண்டு. மீண்டும் இழுப்பறைக்குப் போவோம். புது நிறம் ஒன்று சேர்ப்பது எளிது. திருவருகைக் காலத்தில் ஒரு ஞாயிறும் தவக்காலத்தில் ஒரு ஞாயிறும் ரோஜா நிறம் அணியலாம். அதற்கு ரோஜா இழுப்பறை ஒன்று கூட்டினால் போதும். மற்ற இழுப்பறைகளைத் தொட வேண்டாம். ஆனால், வாசக மேடைக்கும் அந்தந்த நிறத்தில் ஒரு விரிப்பு வேண்டும் என்று தீர்மானித்தால்? ஊதாவில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று, ரோஜாவில் ஒன்று என எல்லா இழுப்பறைக்கும் தைத்தாக வேண்டும். எடுப்பதும் அப்படித்தான். குருவானவர் இடக்கை மணிக்கட்டில் தொங்கவிட்டிருந்த சிறு துகில் 1967 முதல் கட்டாயமில்லை என்றானபோது, அது எல்லா நிறத்து இழுப்பறையிலிருந்தும் அல்லவா வெளியேறிற்று? வயது முதிர்ந்த சகோதரிகளுக்கு நினைவிருக்கும்.

நிரலிலும் இதுவே. புதுக் குடும்பம் எளிது. புது வகை உறுப்பு கடினம். நம் பட்டியல் நிரலில் கண் தெரியாத தோழியருக்காக வாய்விட்டுப் படிக்கும் உறுப்பு ஒன்றைச் சேர்க்க விரும்பினால், அருவ இனக்குழுவில் புதிதாய் ஒரு வாக்குறுதி எழுத வேண்டும். அந்தக் கணமே திஸ்கி, டாப், யூனிகோடு என்ற மூன்று தொழிற்சாலைகளும் அதை நிறைவேற்றக் கடமைப்படுகின்றன. ஒன்று விட்டுப்போனாலும் சி++ மொழிமாற்றி அந்தத் தொழிற்சாலையிலிருந்து பொருள் உருவாக்க விடாது. மூன்று குடும்பத்துக்கும் மூன்று வாசிப்பான் எழுதுவது வீண் உழைப்பு. எனவே இம்முறையை எங்கும் புகுத்த வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. ஒரே ஒரு குடும்பம்தான் உண்டு, இன்னொன்று வரவும் போவதில்லை என்றால் தொழிற்சாலை கட்டுவது, நாலு பேர் சாப்பாட்டுக்குக் கல்யாணப் பந்தல் போடுவது போலாகும்.

வாசிப்பானுக்கு வேறு வழி இருக்கிறது. பழைய குடும்பத்துக் கோப்பு எதுவாயினும் அதை முதலில் யூனிகோடாக மாற்றிவிட்டு, யூனிகோட்டுக்கு மட்டும் வாசிப்பான் வைத்துக்கொள்ளலாம். அப்போது பழைய தொழிற்சாலைகளுக்கு மிஞ்சும் வேலை ஒன்றே: தன் குடும்பத்து எண்களை யூனிகோட்டு எண்களாக மாற்றித் தரும் 'மாற்றி'. இரட்டைக் கொம்பு, க, கால் என்று மூன்றாய் வந்ததைச் சேர்த்து, க, ஓகாரக் குறி என்று இரண்டாய்த் தருவது அதன் தொழில்.

எல்லாம் சரி, கோப்பு எந்தக் குடும்பம் என்றே தெரியாவிட்டால் முதன்மைச் செயற்கூறு என்ன செய்யும்? பழைய குறுந்தட்டின் உறையில் எழுத்துருவின் பெயரை எழுதி வைத்திருந்தால் கேள்வியே இல்லை. எழுதாதவற்றுக்கு ஓர் உபாயம் உண்டு. அந்தக் கோப்பில் கட்டாயம் இருந்தே தீரும் சொல் ஒன்றை முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி மலர் என்றால் 'மாணவியர்' இல்லாமலா இருக்கும்? பங்குப் பதிவேடு என்றால் 'ஞானஸ்நானம்' இருக்கும். ஊர்ப்பெயரும் உதவும். ஒவ்வொரு தொழிற்சாலையின் மாற்றியையும் வரிசையாய் ஓடவிட்டு, மாறி வந்ததில் அந்தச் சொல் தென்படுகிறதா என்று தேடச் சொல்லலாம். திஸ்கி மாற்றியில் இல்லை, டாப் மாற்றியில் நான்கு இடத்தில் கிடைத்தது என்றால், அக்கோப்பு டாப் குடும்பம். உறையின்மேல் அதை எழுதிவிட்டு அடுத்த தட்டை எடுக்கலாம்.